மாடிக்காரர் விரதம் இருக்கவில்லை

அவர் நம் ஊரில் மௌன விரதம் இருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கவில்லை.

அவர் இறந்த மறுநாள் காலைப் பேப்பரிலேயே அது வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் நம் தெருப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் ஆளாளுக்கு அதையே அனுப்பிவிட்டீர்கள். 'புதுச்சேரி மண்ணில் மௌனத் தவம் இருந்து தெய்வக் குரலை வரமாகப் பெற்ற சங்கீத மேதை.' அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பாரீஸிலிருந்து ஒரு கும்பிடு, கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு கும்பிடு. நான் ஒன்றும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று உங்களில் ஒருத்தி தனியாகக் கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து படியுங்கள். நம் வயதில் உட்காருவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். அவர் குடியிருந்தது எங்கள் பெரியப்பா வீட்டு மாடியில். அந்த மாடிப்படியில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொட்டிக்கடை வீட்டுப் பெண்ணே, நீ அங்கே உட்கார்ந்துதான் சூடு ஆறாத ரொட்டியின் முனையைக் கிள்ளிக் கிள்ளித் தின்பாய். உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே நீயும் கும்பிடு போட்டிருக்கிறாய்.

அது ஒரு ஐப்பசி மழை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போய்விட்டு வந்தவர் பெரியப்பா. தெருவில் அவருக்குச் 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றுதான் பெயர். கீழ்வீட்டின் முன்பாதியில் அவரும் பெரியம்மாவும், பின்பாதியில் நாங்கள், மாடி வாடகைக்கு. அன்றைக்கு இரண்டு ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. முதல் வண்டியில் பெட்டி படுக்கையோடு ஒரு மனிதர். நல்ல உயரம், கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர். இரண்டாவது வண்டியில் அவர் மனைவி, மடியில் போர்வை போர்த்திய ஏதோ ஒன்றைச் சாய்த்துப் பிடித்தபடி இறங்கினார். உடம்பு சரியில்லாத யாரையோ கூட்டிவருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் வழி விட்டோம். படியில் போர்வை விலகியபோது உள்ளே தம்புரா இருந்தது.

அம்மாதான் அவரை அடையாளம் கண்டுபிடித்தாள். "ஐயோ, இவரா! கல்யாண வீட்டுல பாட்டுப் பிளேட்டு போடுவாங்களே, அவருடி இவரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கும்பகோணத்துப் பக்கம். அப்போதே பெரிய பெயர். ஒலிபெருக்கியில் அவர் குரல் மேலே மேலே ஏறும். அதற்கு மேல் இடமில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறும். பந்தியில் பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றுவிடுவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நம் மாடியில்.

ஆனால் மாடியிலிருந்து குரலே வரவில்லை.

மறுநாள் காலை படியிறங்கி வந்தவரைப் பார்த்துப் பெரியப்பா, "பொன்ழூர் முசியே" என்று காலை வணக்கம் சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாள் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஜெனரால் கூட எனக்குப் பதில் பொன்ழூர் சொல்லுவான். இவன் யாரு? பாட்டு பாடுறவன்!" என்று பெரியம்மாவிடம் கத்தினார். அன்றே மாடிக்காரரின் தம்பி கீழே இறங்கி வந்தார். பட்டு ஜரிகைத் துண்டு போட்டவர், அண்ணனுக்குப் பின்பாட்டு பாடுபவர், அவர் கச்சேரிகளை ஏற்பாடு செய்பவர். வாரம் ஒருமுறை ஊரிலிருந்து வந்து போவார். கையைக் கட்டிக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் மௌன விரதம் எடுத்திருக்காரு. பெரிய சங்கல்பம். உங்க ஊரு மகான்கள் ஊராச்சே, அதான் இங்க வந்தது" என்றார்.

இதுதான் அந்தப் பொய்யின் பிறப்பு. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் சொன்னது அவர் இல்லை. அவர் தம்பி.

உண்மை என்னவென்று பெரியவர்களுக்கு முன்னால் நமக்குத் தெரிந்தது. நாம் மாடிப்படியிலேயே கிடந்தோம், அதனால். மாடியக்கா (அவர் மனைவியை நாம் அப்படித்தான் கூப்பிட்டோம்) தினமும் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, நீலகிரித் தைலம் விட்டு அவரை ஆவி பிடிக்கவைப்பார். அந்த வாசனை படி முழுவதும் இறங்கி வரும். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு எல்லாம் அம்மியில் நசுங்கும். திங்கட்கிழமைதோறும் இரண்டு பேரும் தொண்டை டாக்டரிடம் போவார்கள். ஒருநாள் அங்கிருந்து வந்து மாடியக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏற முடியவில்லை. நம்மைப் பார்த்து, நாம் ஏதோ பெரிய மனிதர்கள் என்பதுபோலச் சொன்னார்: "தொண்டைக்குள்ள ஆப்பரேசன் பண்ணாங்க. ஆறல. வாயத் தொறந்து பேசக் கூடாதாம், குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாதாம். பாட்டு திரும்ப வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியலியாம்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா சபாக்காரங்க ஒருத்தனும் வரமாட்டான்னு தம்பி சொல்றாரு" என்றார்.

நாம் சொல்லவில்லை. நம்மைப் பெரியவர்கள் எதுவும் கேட்கவும் இல்லை.

பேச முடியாத மனுஷனுக்கு வருகிற கோபம் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மாடியக்கா பேசுவார், அவர் ட்ரங்குப் பெட்டியில் தாளம் போட்டுப் பதில் சொல்வார். மெதுவாகத் தட்டினால் சரி. வேகமாகத் தட்டினால் முடியாது. ஒரே ஒரு அடி பலமாக விழுந்தால், வாயை மூடு. நமக்கு அந்தப் பாஷை பழகிவிட்டது. கீழே அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. "அந்தப் பொண்ண போட்டு அடிக்கிறான் பாவி. அது கத்துறது மட்டும் கேக்குது. அவன் வாய் தொறக்காம அடிக்கிறான்" என்று அப்பாவிடம் அழுதாள். மில்லிலிருந்து வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருந்த அப்பா, வெற்று மார்போடு மாடிக்கு ஏறிக் கதவைத் தள்ளினார். பின்னாலேயே நாம். உள்ளே அவர் பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பல்லவிக்குத் தாளம் போடுவதுபோல இரண்டு கையாலும் விளாசிக்கொண்டிருந்தார். எதிரே மாடியக்கா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "கஷாயத்தக் குடிக்கலன்னா இந்தக் கரண்டியாலயே போடுவேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி இறங்கினார். அம்மாவிடம், "அடி வாங்கப் போறது அவருதான்" என்றார்.

அதற்குள் விரதக் கதை பெரிய மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. பூக்காரியிடம் பெரியம்மா சொல்ல, பூக்காரி ஊருக்கே சொன்னாள். முதலில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, படியில் எதிர்ப்பட்ட அவர் காலில் போட்டாள். அவர் பதறிப்போய்க் குனிந்து குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தேங்காயும் வாழைப்பழமுமாகக் கூட்டம். தம்பி அடுத்த முறை வந்தபோது அதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மாடி வராந்தாவில் போட்டார். பக்கத்தில் விபூதித் தட்டு. "சும்மா உக்காருண்ணே. வந்தவங்க பாத்துட்டுப் போவட்டும்" என்றார்.

மாடிக்காரர் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், படியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தட்டை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். அத்தனை விபூதியும் படியில் நின்ற நம் தலைமேல் விழுந்தது. நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்.

கூட்டம் கலையும் என்றுதானே நினைப்போம்? தம்பி கையை உயர்த்தி, "சாமி உலகப் பற்ற உதறிக் காட்டினாரு" என்றார். நம் தலையிலிருந்த விபூதியைப் பெண்கள் விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்கள். என் தலையில் அம்மாவே தொட்டு இட்டுக்கொண்டாள்.

இதையெல்லாம் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் அன்று என்ன நடந்தது என்று நான் ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்து நின்றார். வாயைத் திறந்தார். பாடுகிற மாதிரி வாயைத் திறந்து, வயிற்றை எக்கி, கையை மேலே கொண்டுபோனார். சத்தமில்லை. அந்தக் கை எவ்வளவு உயரம் போனதோ அந்த இடத்தில் அப்படியே நின்றது. ஒலிபெருக்கியில் நாம் கேட்ட அந்தக் கடைசிப் படி. மாடியக்கா பின்னாலிருந்து போய் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். விரதம் இருக்கிறவன் அப்படி அழமாட்டான்.

தை பிறந்த பிறகு டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, பகலில் மட்டும். ஒரு மத்தியானம், பெரியப்பா சாப்பிட்டுவிட்டு முன்னறையில் குட்டித் தூக்கம் போடுகிற நேரம், மொட்டைமாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கேட்டைத் தள்ளுவதுபோல இருந்தது. அது 'ச' என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தம் உடைந்து நின்றது. மாடியக்காவின் குரல், "இன்னொரு தரம்" என்றது. மறுபடியும் அந்தக் கேட். "இன்னொரு தரம்."

கீழே பெரியப்பா எழுந்து முற்றத்துக்கு வந்து அண்ணாந்து, "சிலான்ஸ்!" என்று கத்தினார். சத்தம் போடாதே என்று பட்டாளத்தில் கத்துகிற கத்தல்.

மாடியக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. "வாயத் தொறக்காம இருந்தப்ப பூவும் பழமும் கொண்டாந்து வெச்சீங்க. இப்பத் தொறந்தா தப்பா? பாடறவரு பாடத்தான் செய்வாரு. காதப் பொத்திக்குங்க" என்றார்.

பெரியப்பாவிடம் அப்படி யாரும் பேசி நாம் கேட்டதில்லை. அவர் உள்ளே போய், தன் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில் எங்கள் பக்கம் வந்து போட்டுக்கொண்டார். அப்பாவிடம், "பொம்பள இல்லப்பா அது. பட்டாளத்துக் கப்பித்தேன்" என்றார்.

குரல் வந்தது. பழைய குரல் வரவில்லை. அடியில் மணல் அரைபடுவதுபோல ஒரு கரகரப்பு. மேலே போனால் இரண்டாகப் பிளந்துவிடும். மாசி மகம் நெருங்கியது. உங்களுக்கே தெரியும், ஊர் ஊராகச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அந்த வருஷம் விழாக் கமிட்டிக்காரர்கள் தம்பியைப் பார்த்துக் கச்சேரி பேசிவிட்டார்கள். தெருமுனையில் துணி பேனர் கட்டினார்கள்: 'மௌனம் கலைக்கும் மகா கச்சேரி.'

மகத்தன்று காலையில் மாடியில் சண்டை. தம்பியின் குரல் கீழே வரை கேட்டது. "நீ சும்மா உக்காந்தாப் போதும்ணே. பாடறது நான் பாத்துக்கறேன். நடுவுல ரெண்டு தரம் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணு. சனங்க கண்ணுல ஒத்திக்கிட்டுப் போவும்."

அப்போதுதான் அந்த வீட்டில் முதல்தடவையாக அவர் பேசிக் கேட்டோம். "மாட்டேன்."

"இந்தத் தொண்டையோட பாடி இருக்கிற பேரையும் கெடுத்துக்கப் போறியா? உன் பொழப்போட என் பொழப்பும் சேர்ந்து போவும்."

"நான் பாடறவன்டா. உற்சவ பொம்ம இல்ல."

மாடியக்கா மட்டும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "பாடுங்க. எந்தச் சுருதியில பாடுவீங்க?"

"எப்பவும் பாடறதுலதான்."

"வேணாம். கீழ எறக்குங்க. கேளுங்க, நான் சொல்றேன், எறக்குங்க."

"மாட்டேன்" என்றார் மறுபடியும். அந்த 'மாட்டேன்' தப்பு. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் திமிர் இருந்தது. இல்லாத மாதிரி நான் எழுதமாட்டேன்.

சாயங்காலம் கடற்கரைப் பந்தல். நல்ல கூட்டம். ஈர மணல், கற்பூரம், சுண்டல், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மண்ணெண்ணெய் வாசனை, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வருகிற உப்புக்காற்று. மேடையில் அவர் நடுவில், பக்கத்தில் வயலின், மிருதங்கம். பின்னால் மாடியக்கா தம்புராவோடு. தம்பி அவர் தோளுக்குப் பின்னால், மைக்குக்கு எட்டுகிற தூரத்தில். பெரியப்பா கோட்டு போட்டுக்கொண்டு, பதக்கம் குத்திக்கொண்டு முன்வரிசையில். நாம் அவர் காலடியில் மணலில்.

தம்புரா பழைய உயரத்திலேயே ஒலித்தது. அவர் கண்ணை மூடித் தொடங்கினார். கீழே இருக்கிற வரைக்கும் ஒரு மாதிரி போனது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு அவர் மேலே ஏறினார். கை மேலே போனது. குரல் பாதியில் கிழிந்தது. கிழிந்த சத்தம் ஒலிபெருக்கியில் கடல் வரைக்கும் போனது.

பிறகு பின்னாலிருந்து ஒருவன், "சாமி, தண்ணி குடிங்க சாமி!" என்றான். சிரிப்பு. முதலில் ஒரு ஓரத்தில், பிறகு பந்தல் முழுக்க.

'அந்தக் கச்சேரியில் ஊரே கண்ணீர் விட்டது' என்று இப்போது எழுதுகிறார்கள். ஊர் சிரித்தது. நான் அங்கே இருந்தேன். நம் அம்மாக்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களும் இருந்தார்கள். மாவுமில் வீட்டுக்காரரே, உங்கள் அப்பா அதில் ஒருவர். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவும்தான்.

தம்பி எட்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மாடிக்காரர் மைக்கின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. "எறக்கு" என்றார்.

மாடியக்கா அந்த இடத்திலேயே, அத்தனை பேர் பார்க்க, தம்புராவின் முறுக்காணியைத் தளர்த்தத் தொடங்கினார். தந்தி ஒவ்வொன்றாகக் கீழே வந்தது. பாடுகிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. எனக்கு இது முடியவில்லை என்று ஊர் நடுவில் சொல்வது அது. வயலின்காரரும் தலையைக் குனிந்து தன் தந்திகளை இறக்கினார். மிருதங்கக்காரருக்குத்தான் திண்டாட்டம். பழைய சுருதிக்குக் கட்டிய மிருதங்கத்தை உறைக்குள் போட்டுவிட்டு, யாரிடமிருந்தோ வேறொன்றைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். இதெல்லாம் ஆக நேரம் பிடித்தது. ஜனங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள்.

அப்போது அவர் மைக்கில் பேசினார். கரகரவென்று.

"எனக்குத் தொண்ட போயிடுச்சு. விரதம்னு சொன்னதெல்லாம் பொய். ஆப்பரேசன் பண்ணி ஆறாமக் கெடந்தேன். அதான் பேசல. பழைய குரல் இனிமே வராது. இருக்கிற குரல்ல பாடறேன். கேக்கறவங்க இருங்க. போறவங்க போங்க."

கமிட்டித் தலைவர் மேடையேறி, "ஊர ஏமாத்திட்டீங்களே ஐயா! எழுந்திருங்க" என்று கையில் மாலையோடு நின்றார். மாலை போட்டால் கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். அவர் அந்த மாலையை வாங்கித் தனக்குப் பக்கத்தில் மேடையில் வைத்தார். "நான் இன்னும் ஆரம்பிக்கல" என்றார்.

கூட்டம் கரைந்தது. பக்கத்தில் சாமி ஊர்வலத்துக்கு நாயனம் கேட்டது, எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். அப்பா என் கையைப் பிடித்தார். "எழுந்திரு. இதெல்லாம் ஒரு கச்சேரியா? வா." நான் காலையில் கேட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன். "மாட்டேன்." அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. கன்னத்தில் ஒன்று விட்டார். நான் மணலில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். பெரியப்பா திரும்பாமலே, "லெஸ். விடுடா, அவ இருக்கட்டும். நான் கூட்டியாறேன்" என்றார். அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பாடினார். பைரவி. தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல். எங்கே குரல் உடையுமோ அங்கே அவர் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்த இடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு இறங்கினார். கரகரப்பு அப்படியேதான் இருந்தது. அழகாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மனுஷன் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான். காலியான மணலைப் பார்த்து மங்களம் வரைக்கும் பாடி முடித்தார். நாம் சில பிள்ளைகள், பஸ் தவறவிட்ட ஒரு குடும்பம், மேடைக்காரர்கள், பெரியப்பா. பெரியப்பா எழுந்து நின்று, காலை ஒட்டிவைத்துக்கொண்டு, தனியாகக் கை தட்டினார். "பிராவோ!" என்றார். நமக்கு வெட்கமாகப் போய்விட்டது. கச்சேரியில் யாராவது எழுந்து அப்படிக் கத்துவார்களா?

வீட்டுக்கு நடக்கும்போது என் கன்னத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சைகோன்ல குண்டு விழுந்தப்ப எங்களுக்கு உத்தரவு போடற கொமாந்தானே ஓடினான். ஓடாத ஆள நான் ரொம்பப் பாத்ததில்ல."

தம்பி அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. மறுநாளிலிருந்து தேங்காயும் பழமும் நின்றன. தெருவில் அவரை 'டூப்பு சாமி' என்றார்கள். காய்ச்சல் விட்ட குழந்தையின் தாய்கூட எதிர்ப்பக்கமாக நடந்தாள். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தினமும் பகல் முழுக்க மொட்டைமாடியில் பாடினார், புதிய சுருதியில். பங்குனி வெயில் ஏறியதும் இரண்டு பேரும் ரிக்‌ஷாவில் ஏறிப் போனார்கள். போகும்போது பெரியப்பாவைப் பார்த்து, மெனக்கெட்டு வண்டியை நிறுத்தச் சொல்லி, "பொன்ழூர் முசியே" என்றார். அது சாயங்காலம். காலை வணக்கத்தைப் பெரியப்பா திருத்தவில்லை.

அப்புறம் பல வருஷங்கள் அவரை யாரும் கூப்பிடவில்லை. சின்னக் கோயில்கள், தெரிந்தவர் வீட்டு விசேஷங்கள். பிறகு ரேடியோவில் ஒருநாள் அந்தக் கரகரப்பைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய சபாக்கள் வந்தன. அப்போதும் அதே குரல்தான். கேட்கிற காதுதான் மாறியிருந்தது. 'ஆழம்' என்றார்கள், 'அனுபவம்' என்றார்கள், கடைசியில் 'வரம்' என்றார்கள். சென்னையில் ஒருமுறை கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். புதுச்சேரி மாடி வீடு என்றதும் நிமிர்ந்தார். "அந்தக் கத்துற சொல்தா இருக்காரா?" என்றார். போய்விட்டார் என்றேன். "கை தட்டுனது அவரு ஒருத்தர்தான்" என்றார்.

வரம் என்று சொல்வது நமக்குச் சௌகரியம். அன்று சிரித்தோம் என்பது அதில் மறைந்துபோகிறது. ஒருவன் தோற்று, அதை ஊருக்குச் சொல்லி, தோற்ற இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தான் என்றால், நம்மாலும் முடியும் என்று ஆகிவிடும். தெய்வம் கொடுத்தது என்றால் நமக்கு வேலையில்லை. கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் நினைவஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நீங்கள் யாரும் வரவில்லை. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு மண்டபம், ஏசி, மேடையில் அவர் படத்துக்குக் காவித் துண்டு போட்டிருந்தார்கள். அவர் ஜென்மத்தில் காவி கட்டியதில்லை. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் மாடியக்கா. எண்பதைத் தாண்டியவர், தலை நடுங்குகிறது. பேசியவர்கள் எல்லோரும் தவம், விரதம், வரம். என்னால் முடியவில்லை. எழுந்தேன். தொகுப்பாளர் பையன், "அம்மா, கேள்வி நேரம் கிடையாதுங்க" என்றான். "நான் கேள்வி கேக்கல தம்பி. பதில் சொல்றேன்" என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். ஆப்பரேசன், விபூதித் தட்டு, சிரிப்பு, சுருதி இறங்கியது, எல்லாம். மைக் இல்லாததால் கத்தித்தான் சொன்னேன். பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேடையிலிருந்து ஒருவர், "இரங்கல் கூட்டத்துல இப்படிப் பேசறது அவருக்கு மரியாத இல்ல" என்றார்.

யாரோ அவசரமாக முடித்துவிடப் பார்த்தார்கள். "அனைவரும் எழுந்து நின்று, அன்னாரின் நினைவாக ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போம்" என்று அறிவித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள்.

முன்வரிசையில் கைத்தடி தரையில் தட்டியது. ஒரே ஒரு அடி, பலமாக.

"மௌனமா? அவருக்கா?" என்றார் மாடியக்கா. அந்தத் தலை நடுக்கத்திலும் குரல் கணீரென்று இருந்தது. "அந்தக் கண்றாவிய அவரு இங்க மாசக்கணக்குல அனுபவிச்சாரு. செத்தப்புறமும் குடுப்பீங்களா? அந்தப் பொண்ணு சொன்னதுதான் நடந்துச்சு. உக்காருங்க எல்லாரும். பேசுங்க."

சிலர் பாதி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்கள். அவர் மறுபடியும், "பேசுங்கன்றேன்ல" என்றார். முதலில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் பதில் சொன்னார். பின்வரிசையில் ஒரு பையன் தன் போனில் அவர் பாட்டைப் போட்டான். பிறகு மண்டபம் முழுக்க இரைச்சல், மீன் அங்காடிபோல. அந்த ஒரு நிமிடம் எப்போதோ முடிந்துபோயிற்று. யாரும் நிறுத்தவில்லை.